சிரட்டையைக் கரியாக்குவோம்!



தைப்பூசத் திருநாளில் பினாங்குச் சாலைகளைப் பார்த்திருப்பீர்கள். இரதம் வரும் வழியெங்கும் தேங்காய்கள் குவியல் குவியலாகச் சிதறுகின்றன. வேண்டுதல் நிறைவேறுகிறது, சிரட்டையோ குப்பை லாரியில் ஏறிவிடுகிறது. நம் வீட்டுச் சிரட்டை மட்டும் என்ன செய்கிறது? கொல்லைப்புறத்தில் மழைநீரைத் தேக்கி, டிங்கிக் கொசுவுக்குத் தொட்டில் கட்டுகிறது. அதே சிரட்டையை நல்ல கரியாக மாற்றலாம் என்பதை இல்லத்தரசிகள் அறிந்துகொள்வது நல்லது.

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். அந்தப் புகை என்ன? எரியாமல் தப்பிப் போகும் எரிபொருள்தான். காற்றை மட்டுப்படுத்திச் சிரட்டையைச் சூடாக்கினால், முதலில் ஈரம் ஆவியாகும். ஏறத்தாழ 280 பாகை செல்சியசுக்கு மேல் அது தானே சிதைந்து வெப்பத்தை வெளியிடும். வாயுவும் தாரும் பிரிந்துவிடும். எஞ்சுவது பெரும்பாலும் கரிமம். அதுவே கரி. காற்றைத் தாராளமாக விட்டால் சாம்பல்தான் மிஞ்சும்.

இது நம் நாட்டுக்குப் புதிய தொழிலன்று. பேராக், கோலா செபெத்தாங்கில் பாக்காவ் மரத்தைச் செங்கல் சூளைகளில் அடுக்கித் தலைமுறை தலைமுறையாகக் கரி சுட்டிருக்கிறார்கள். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்தபோது, கரிவாயுவில் வண்டிகள் ஓடின. சிரட்டைக் கரிக்குத் தனிச் சிறப்பும் உண்டு. அதை மேலும் பதப்படுத்தித் தண்ணீர் வடிகட்டிகளில் பயன்படுத்துகிறார்கள்.

செய்முறை இதுதான். 200 லிட்டர் இரும்புப் பீப்பாய் ஒன்றின் அடியில் சில துளைகள் இட்டு, மூன்று கற்களின்மேல் நிறுத்துங்கள். பெட்ரோலோ களைக்கொல்லியோ வைத்திருந்த பீப்பாய் வேண்டவே வேண்டாம். நார் நீக்கி நன்கு காய்ந்த சிரட்டையைச் சிறிது போட்டுப் பற்றவையுங்கள். தீ பிடித்ததும் மேலும் மேலும் போட்டு நிரப்புங்கள். முதலில் வெண்புகை அடர்த்தியாக வரும். அது பெரும்பாலும் நீராவி. புகை மெலிந்து நீலம் பாய்ந்ததும் அடித்துளைகளைக் களிமண்ணால் அடைத்து, மூடியைப் போட்டு, விளிம்பையும் மண்ணால் பூசிவிடுங்கள். மறுநாள் பீப்பாய் முழுதும் ஆறிய பிறகே திறக்க வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் காற்றுப் பட்டுக் கரி மறுபடி பற்றிக்கொள்ளும்.

நல்ல கரியைத் தட்டினால் 'கிணுங்' என்று ஒலிக்கும், உடைத்தால் பளபளக்கும். பழுப்பாக இருந்தால் அது வேகவில்லை. உதிர்ந்த தூளையும் வீணாக்காதீர்கள். மரவள்ளி மாவுக் கஞ்சியில் பிசைந்து உருண்டை பிடித்து வெயிலில் உலர்த்தினால் அதுவும் எரியும்.

10 கிலோ சிரட்டைக்கு ஏறத்தாழ 3 கிலோ கரி கிடைக்கும். சிரட்டையில் இருந்த வெப்பத்தில் ஏறக்குறைய பாதி புகையோடு போய்விடுகிறது என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆதலால் இதற்காக மரத்தை வெட்டுவது அறிவுடைமையன்று. வீணாகப் போவதைக் கரியாக்குவதே சிக்கனம். கரி புகையாது, மக்காது, சீராகக் கனலும். சாத்தே சுடவும் சாம்பிராணி போடவும் கடையில் வெள்ளி கொடுத்துக் கரி வாங்க வேண்டியதில்லை.

கரி சுடும் இடம் லயங்களுக்கும் காய்ந்த சருகுகளுக்கும் எட்டி இருக்கட்டும். திறந்தவெளியில் எரிப்பதை 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. எனவே தோட்ட நிர்வாகத்தையும் உரிய அதிகாரிகளையும் கேட்டுக்கொண்டே தொடங்குங்கள்.

தாய்மார்களே, இதை மட்டும் மறவாதீர்கள். பிள்ளை பெற்றவளுக்குச் சூடு வேண்டுமென்று கதவையும் சன்னலையும் சாத்தி, கட்டிலருகே கனல் சட்டி வைக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. கனலும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு வருகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் உயிர்வாயு பற்றும் இடத்தை அது 200 மடங்குக்கும் மேலான வலிமையோடு பற்றிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், பிறகு எழாத உறக்கம். புகை வரவில்லையே என்று ஏமாந்துவிடாதீர்கள். யாருக்காவது தலை சுற்றினால் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கரியடுப்புக்கு இடம் காற்றோட்டமான வெளித்தாழ்வாரம். தாயும் சேயும் படுக்கும் அறைக்குள் அது ஒருபோதும் நுழையக் கூடாது.