சுவரில் தொங்கும் முகத்துக்கு ஒரு நல்ல பிரதி

வல்வெட்டித்துறையில் நான் போய்வந்த வீடுகளில் பெரும்பாலும் முன் விறாந்தையில், இல்லாவிட்டால் சாமியறை வாசலில், ஒரு படம் தொங்கும். அதற்கு இன்னொரு பிரதி இருப்பதில்லை. நெகட்டிவ் இல்லை. எடுத்த ஸ்ரூடியோவும் இப்போது இல்லை. 1989 ஓகஸ்ட் 2ஆம் திகதி இந்திய அமைதிப்படை இந்த ஊருக்குள் புகுந்து 60க்கும் மேற்பட்ட பொதுமக்களைக் கொன்றபோது நூற்றுக்கும் அதிகமான வீடுகளையும் எரித்தது. வீட்டோடு அல்பங்களும் எரிந்தன. பிறகு வந்த இடப்பெயர்வுகளில், காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் வைத்த பைக்குள் செருகப்பட்ட படங்களே தப்பின. சில குடும்பங்களிடம் மிஞ்சியிருப்பது அடையாள அட்டைக்கென்று எடுத்த ஒரு சின்னப் படம் மட்டும்தான்.

"அது போனிலயும் இருக்குப் பிள்ளை, எடுத்து வைச்சிருக்கிறம்" என்பார்கள். வாங்கிப் பார்த்தால் நெற்றியில் பிளாஷின் வெள்ளை வட்டம். கண்ணாடியில் எடுத்தவரின் கையும் சேட்டும். ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் ஒடுங்கிய சட்டகம். படம் பத்திரமாகிவிட்டது என்ற நம்பிக்கையில் மூலப்படத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதுவோ கடற்காற்றின் ஈரத்தில் வருடாவருடம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது.

விலையுயர்ந்த கமரா தேவையில்லை. கையிலுள்ள சாதாரணப் போனே போதும். ஒரு படத்துக்கு கால்மணி நேரம் ஒதுக்க வேண்டும், அவ்வளவுதான்.

போனைத் தொடுவதற்கு முன் படத்தைக் கவனியுங்கள். பழைய படத்தின் மேற்பரப்பு ஜெலற்றின் பூச்சு. நெடுங்காலம் ஈரம் பிடித்தால் அது சட்டகத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். இழுத்தால் கடதாசி கையோடு வரும், முகம் கண்ணாடியில் நின்றுவிடும். பின் அட்டையை மெல்லத் திறந்து பாருங்கள். படம் தானாக அசைந்தால் வெளியே எடுக்கலாம். அசையாவிட்டால் வற்புறுத்தாமல், கண்ணாடியை மட்டும் வெளிப்புறம் துடைத்துவிட்டு அதற்கு மேலாலேயே எடுங்கள். படத்தின் மீது ஈரத்துணி படவே கூடாது.

அடுத்தது வெளிச்சம். பிளாஷை நிறுத்துங்கள், அறை மின்விளக்கையும் அணையுங்கள். யன்னலருகே மேசை போட்டு, படத்தை அதில் கிடத்தி, வெளிச்சம் பக்கவாட்டில் வந்து விழும்படி வையுங்கள். வல்வெட்டித்துறையில் கடல் வடக்கே இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் கடல் பார்த்த யன்னலில் நேர்வெயில் விழாது, மென்மையான வெளிச்சம் நாள் முழுக்கக் கிடைக்கும். ஆனி, ஆடியில் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்பதால் அதே யன்னலில் வெயில் எட்டிப் பார்க்கும். அப்போது ஒரு வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டினால் சரி. கண்ணாடிக்கு மேலால் எடுப்பவர்கள் ஒரு கறுப்புத் துணியில் கமரா அளவுக்கு ஓட்டை வெட்டி, போனுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு அதனூடாக எடுக்கலாம். கண்ணாடியில் தெரிவதற்குக் கறுப்பைத் தவிர வேறொன்றும் இருக்காது. பார்க்கக் கொஞ்சம் சிரிப்பாக இருக்கும், ஆனால் இதைவிடச் சிறந்த வழியை நான் காணவில்லை.

இனிப் போன். முதலில் வில்லையைத் துடையுங்கள். படம் மங்கலாக இருக்கிறது என்று போனைக் குறை சொல்பவர்களில் பாதிப்பேரின் வில்லையில் இருப்பது கைரேகைதான். பிறகு கமராவின் அமைப்புகளுக்குள் போய், முகத்தை அழகாக்கும் 'பியூட்டி' வசதி, காட்சியை அடையாளங்கண்டு நிறத்தைத் தானாகக் கூட்டும் வசதி, பில்ரர் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். இவை தோலை வழித்து, மச்சத்தையும் தழும்பையும் அழித்துவிடும். ஒருவரை அடையாளங்காண உதவுவது பெரும்பாலும் அந்தத் தழும்புதான்.

கட்டக்கோடுகளைத் திரையில் வரச் செய்யுங்கள். படத்தின் ஓரங்கள் அந்தக் கோடுகளுக்குச் சமாந்தரமாக நின்றால் போன் சரிவின்றி நிற்கிறது என்று பொருள். மிகக் கிட்டப் போகாதீர்கள். கிட்டப் போனால் உங்கள் நிழல் விழும். சில போன்கள் தாமாகவே அகலக்கோண வில்லைக்கு மாறி ஓரங்களை வளைத்துவிடும். ஒரு முழம் தள்ளி நின்று, உங்கள் போனில் தனியான இரண்டு மடங்கு வில்லை இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். அது இல்லாத போனில் விரலால் இழுத்துப் பெருப்பிப்பது, எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெருப்பிப்பதேதான். அதை எடுத்த பிறகும் செய்யலாம்.

50 மெகாபிக்சல் என்று விற்கப்படும் போன்கள் வழமையாக நான்கு புள்ளிகளை ஒன்றாக்கி 12 மெகாபிக்சல் அளவில்தான் படத்தைச் சேமிக்கின்றன. இருட்டில் அது நல்லது. யன்னல் வெளிச்சத்தில், அசையாத ஒரு கடதாசியை எடுக்கும்போது முழு 50ஐயும் திறந்துவிடலாம். அடையாள அட்டை அளவுப் படத்தைப் பிற்பாடு பெரிதாக அச்சிட நினைத்தால் இது உதவும்.

முகத்தின் மீது விரலை வைத்து அழுத்திப் பிடியுங்கள். குவியமும் வெளிச்ச அளவும் அந்த இடத்தில் பூட்டப்படும். அருகே தோன்றும் சூரியச் சின்னத்தைச் சற்றுக் கீழே இழுத்து, வெள்ளைச் சேட்டின் மடிப்புகள் தெரியும் அளவுக்கு வெளிச்சத்தைக் குறையுங்கள். இருண்டு போனதை ஓரளவு மீட்கலாம், வெளுத்துப் போனதை மீட்க வழியில்லை. போனை இரண்டு புத்தக அடுக்குகளின் மேல் தாங்கி வைத்து, இரண்டு செக்கன் ரைமர் போட்டால் கைநடுக்கம் சேராது. அப்படி நாலைந்து தடவை எடுங்கள். ஆவணங்களை ஸ்கான் பண்ணும் செயலியில் எடுக்க வேண்டாம். எழுத்தைக் கறுப்பாக்கத் தெரிந்த அதற்குக் கன்னத்தின் நிழலைப் பற்றி ஒன்றும் தெரியாது.

படத்தின் பின்பக்கத்தையும் எடுங்கள். ஸ்ரூடியோ முத்திரை, பேனையால் எழுதிய திகதி, யாருக்கோ கொடுக்கும்போது எழுதிய இரண்டு வரி எல்லாம் அங்கேதான் இருக்கும்.

போனின் திகதியும் நேரமும் சரியா என்பதை இப்போதே பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு படக் கோப்புக்குள்ளும் அது எடுக்கப்பட்ட நாள், நேரம், போனின் வகை ஆகியவை பதிவாகின்றன. மெற்றாடேற்றா என்பார்கள். இதன் கனதியை எங்களைவிட அறிந்தவர்கள் குறைவு. கண்ணும் கையும் கட்டப்பட்டவர்கள் சுடப்படும் காணொளியை சனல் 4 தொலைக்காட்சி 2009 ஓகஸ்டில் ஒளிபரப்பியது. இலங்கை அரசாங்கம் அதைப் போலி என்றது. ஐ.நா. விசேட அறிக்கையாளராக இருந்த பிலிப் ஓல்ஸ்ரன் மூன்று நிபுணர்களைக் கொண்டு அதை ஆராய்ந்து, அது உண்மையானது என்றே சான்றுகள் வலுவாகக் காட்டுகின்றன என 2010 ஜனவரியில் அறிவித்தார். நிபுணர்களால் விளக்க முடியாமல் போன ஓரிரு விடயங்களில் ஒன்று, கோப்பில் பதிவாகியிருந்த 2009 ஜூலை 17 என்ற திகதி. போர் முடிந்ததோ மே மாதத்தில். அது முடிவை மாற்றவில்லை. ஆனாலும் ஒரு கோப்பில் இருக்கும் திகதி எவ்வளவு தூரம் துருவப்படும் என்பதற்கு வேறு உதாரணம் வேண்டாம்.

எங்கள் பிரதியில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. கோப்பில் பதிவாவது பிரதி எடுத்த நாள், மூலப்படம் எடுத்த நாள் அன்று. ஆகவே கோப்பின் பெயரிலேயே வருடம், ஆளின் உறவுமுறை, இடம், முன்பக்கமா பின்பக்கமா என்பதை எழுதிவிடுங்கள். வருடம் நிச்சயமில்லையென்றால் "1980கள்" என்றே போடுங்கள்.

இனித் திருத்துவது. எடுத்த கோப்பைத் தொடாமல் வைத்துவிட்டு, அதன் நகலில் மட்டும் கைவையுங்கள். போனோடு வரும் திருத்தும் வசதி அல்லது ஸ்னாப்சீட் போன்ற இலவசச் செயலி போதும். ஓரங்களை வெட்டுங்கள், சரிவை நேராக்குங்கள், நிழற்பகுதியைச் சற்று வெளிச்சமாக்குங்கள். 1970கள், 80களின் வண்ணப்படங்கள் பல சிவந்து போயிருக்கும். கடதாசியிலுள்ள மூன்று சாயங்களில் நீலப்பச்சைச் சாயம் முந்தி மங்கிவிடுவதே காரணம். நிறத்தின் வெம்மையைக் குறைத்தால் ஓரளவு திரும்பி வரும். கீறல்களையும் பூஞ்சணப் புள்ளிகளையும் பின்னணியிலும் உடுப்பிலும் அழிக்கலாம். முகத்தில் வேண்டாம்.

முகத்தைத் 'தெளிவாக்கித்' தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இப்போது எல்லோரையும் மயக்குகின்றன. மங்கலான முகத்தைக் கொடுத்தால் கண்ணிமை மயிர் வரை தெளிவாகத் திருப்பித் தரும். அந்த மயிர் எங்கிருந்து வந்தது? உங்கள் படத்தில் அது இல்லை. செயலி தான் பழகிய இலட்சக்கணக்கான வேறு முகங்களிலிருந்து ஊகித்து நிரப்புகிறது. 2020இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் உருவான அத்தகைய மென்பொருளொன்று, பராக் ஒபாமாவின் மங்கலான படத்தை ஒரு வெள்ளைக்காரராக மாற்றிக் கொடுத்தது உலகெங்கும் பேசப்பட்டது. மாமாவின் படம் மாமாவைப் போன்ற இன்னொருவராகத் திரும்பி வரலாம், நிறமும் ஒரு படி வெளுத்திருக்கலாம். பத்து வருடம் போனால், அவரை நேரில் காணாத பேரப்பிள்ளைகள் அந்த முகத்தையே நம்புவார்கள்.

நினைவஞ்சலிப் படத்துக்குக் கோட்டும் ரையும் போட்டுவிடும் வழக்கம் எங்கள் ஸ்ரூடியோக்களில் எப்போதும் இருந்ததுதான். ஆயுளில் ஒருநாளும் கோட்டுப் போடாத மீனவர் ஒருவர் சுவரில் அதோடு சிரித்துக்கொண்டிருக்கிறார்; வீட்டாருக்கு அதில் ஒரு திருப்தி, அதில் தலையிட நான் யார். சுவருக்கு எதையும் போடுங்கள். ஆனால் தேடப்படும் ஒருவரின் படமென்றால் திருத்தாத பிரதியே பயன்படும். 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் வீதியோரம் இருந்த தாய்மார் வைத்திருந்தவை போன்ற படங்களை நினைத்துப் பாருங்கள். வெயிலிலும் மழையிலும் கொண்டு திரிவதற்கு அச்சிட்ட பிரதி இருக்கட்டும். காணாமல் போனோர் அலுவலகமோ ஆணைக்குழுவோ வேறு எந்த அமைப்போ கேட்டாலும் பிரதியைத்தான் கொடுக்க வேண்டும். மூலப்படம் வீட்டைவிட்டு வெளிக்கிடக் கூடாது.

அனுப்பும்போது ஒரு கவனம். வட்ஸ்அப்பில் வழமைபோல் படமாக அனுப்பினால் அது சுருங்கும், உள்ளே இருந்த விபரங்களும் உதிர்ந்துவிடும். கனடாவில் இருக்கும் தங்கைக்குச் சேமித்து வைக்கவென்று அனுப்பினால் 'டொக்கியுமென்ற்' ஆக அனுப்புங்கள், கோப்பு முழுதாகப் போகும். அதனோடு எடுத்த இடத்தின் அமைவிடமும் போகும் என்பதை மறக்க வேண்டாம். அறியாத ஆட்களுக்கு அனுப்புவதாக இருந்தாலோ, நினைவேந்தல் நிகழ்வுகளை எடுப்பதாக இருந்தாலோ, கமரா அமைப்பில் அமைவிடப் பதிவை முன்கூட்டியே நிறுத்திவிடுங்கள். ஐபோன் வைத்திருப்பவர்கள் படத்தின் வடிவத்தை ஜேபெக் ஆக மாற்றிக்கொள்வது நல்லது. பழைய கணினிகள் மற்றதைத் திறக்க மறுக்கும்.

குழுப்படங்கள்தான் அதிகம் வேலை வாங்குபவை. பாடசாலைப் படம், கல்யாணப் படம், உதைபந்தாட்டக் கழகப் படம் என்று இருபது முப்பது பேர் நிற்பார்கள். நகலொன்றில் ஒவ்வொரு தலைக்கும் மேல் இலக்கம் போட்டு, ஊரில் மூத்த ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவர் சொல்லச் சொல்ல எழுதாதீர்கள். போனின் ஒலிப்பதிவை இயக்கி வைத்துவிட்டுப் பேசவிடுங்கள். எழுதினால் பெயர் மட்டுமே மிஞ்சும். பேச்சிலோ யார் யாருடைய மகன், எந்த வள்ளத்தில் போனவர், எந்த ஒழுங்கையில் வீடு என்பதெல்லாம் சேர்ந்து வரும். ஆச்சிமார் மத்தியானம் படுத்து எழும்பிய பிறகு, நாலு மணிபோலப் போனால் ஆறுதலாகக் கதைப்பார்கள். விறாந்தை வெளிச்சமும் அந்த நேரம் படம் எடுக்கத் தோதாக இருக்கும்.