முற்றும்வரை காத்திருக்க இது புரையல்ல

கண் ஆபரேஷன் என்றாலே நமக்குக் கண்புரைதான் நினைவுக்கு வரும். மங்கிய லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைத்தால், சில நாட்களிலேயே பார்வை தெளிந்துவிடுகிறது. அதனால்தான் ‘இன்னும் கொஞ்சம் முற்றட்டும், பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடும் பழக்கம் நம் வீடுகளில் ஊறிப்போயிருக்கிறது. கண் நீர் அழுத்த நோய் எனப்படும் கிளாக்கோமாவில் இந்தப் பொறுமை ஆபத்து. இதில் பறிபோன பார்வையை எந்த ஆபரேஷனாலும் மீட்க முடியாது.

கண்ணின் முன்பகுதியில் தெளிந்த நீர் ஒன்று ஓயாமல் சுரக்கிறது. ரத்தக்குழாய் இல்லாத கருவிழிக்கும் லென்ஸுக்கும் ஊட்டம் தருவது அதுதான். கருவிழியும் ஐரிஸும் சந்திக்கும் கோணத்தில், சல்லடை போன்ற திசு வழியாக அது வடிந்து ரத்தத்தில் கலக்கிறது. வடிவது குறைந்தால் அழுத்தம் ஏறும். விழித்திரையிலிருந்து மூளைக்குப் போகும் பார்வை நரம்பு, கண்ணைவிட்டு வெளியேறும் இடத்தில் நசுங்கத் தொடங்கும். அந்த நரம்பில் சுமார் 10 லட்சம் இழைகள். செத்த இழை மறுபடி முளைப்பதில்லை.

பெரும்பாலும் ஓரப் பார்வைதான் முதலில் போகும். ஒரு கண் விட்டதை மறு கண் ஈடுகட்டிவிடும். வலி கிடையாது, பேப்பர் படிக்கலாம், ஊசியில் நூல் கோர்க்கலாம். கோணம் திடீரென அடைபடும் வகை மட்டும் வேறு: கடும் வலி, சிவப்பு, வாந்தி, விளக்கைச் சுற்றி வண்ண வளையம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். மற்றபடி நோய் சத்தமில்லாமல் நடக்கிறது. 40 வயதைத் தாண்டியவர்களிடம் நடந்த சென்னை கிளாக்கோமா ஆய்வில், திறந்த கோண வகை நோய் இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அது அதுவரை கண்டறியப்படவே இல்லை.

அழுத்தத்தைக் குறைப்பதுதான் இன்று கைவசமுள்ள சிகிச்சை. 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை இயல்பு என்பார்கள். அந்த வரம்புக்குள் இருப்பவர்களுக்கும் நரம்பு கெடுவதுண்டு. அதனால் அழுத்தத்தை அளந்தால் மட்டும் போதாது, நரம்பையும் பார்க்க வேண்டும். லட்டனோபிராஸ்ட் சொட்டு மருந்து இரவில் ஒரு துளி போதும். டிமோலால் என்ற சொட்டு மருந்தைக் கொடுத்தால், ஆஸ்துமா இருப்பவர் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அது மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும்.

சொட்டு மருந்தின் சிக்கல் மருந்தில் இல்லை. போட்டாலும் பார்வை கூடுவதில்லை, விட்டாலும் உடனே குறைவதில்லை. பலன் கண்ணுக்குத் தெரியாத மருந்தை ஆயுள் முழுக்கப் போடச் சொல்வது பெரிய கோரிக்கை. நோயாளியைக் குறை சொல்லி இதைத் தீர்த்துவிட முடியாது. லேசர் இங்கே கைகொடுக்கிறது. 2019இல் வெளியான பிரிட்டன் ஆய்வொன்றில், முதலிலேயே லேசர் செய்துகொண்டவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்கு 3 ஆண்டுகள் வரை சொட்டு மருந்து தேவைப்படவில்லை. இவை போதாதபோது நீர் வடியப் புது வழி அமைக்கும் அறுவை சிகிச்சை உண்டு. அதுவும் பலிக்காத கண்களுக்குக் குழாய் பொருத்துவார்கள். மதுரையின் ஆரோலேப் நிறுவனம் அந்தக் குழாயைக் குறைந்த விலையில் தயாரிக்கிறது.

அம்மாவுக்கோ அண்ணனுக்கோ இந்நோய் இருந்தால் உங்களுக்கும் வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கி, கண் அரிப்புக்கு மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சொட்டு விடுபவர்களுக்கும் அழுத்தம் ஏறலாம். இவர்கள் பார்வை மங்கும்வரை காத்திருக்காமல் இப்போதே கண் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.