முப்பத்தெட்டே சொற்களில் ஒரு மொழி

சீட்டு என்ற சொல்லைக் கேட்டதுமே முகம் சுளிப்பது நம் வீடுகளில் வழக்கம். அதில் தவறும் இல்லை. தீபாவளிக்கு மறுநாள் கூடாரத்தின் கீழ் பாய் விரித்து உட்கார்ந்து, போனஸ் பணத்தைத் தொலைத்துவிட்டு எழுந்த சித்தப்பாக்களும் மாமாக்களும் இல்லாத குடும்பம் நம்மிடையே குறைவு. நான் பிரிட்ஜ் கற்றுக்கொண்டிருக்கிறேன் என்று தொலைபேசியில் சொன்னபோது, “காசு வச்சு ஆடுறதா, காசு இல்லாம ஆடுறதா?” என்று அம்மா கேட்டார். காசு இல்லாமல் என்றேன். “அப்புறம் எதுக்குய்யா அதை ஆடுறீங்க?” என்றார்.

முதல் கேள்விக்கு ஒரு சொல்லில் விடை சொல்லிவிடலாம். இரண்டாவது கேள்விக்கு ஒரு கட்டுரையே தேவைப்படுகிறது. அதைத்தான் இங்கே எழுத முயல்கிறேன்.

பிரிட்ஜ் நால்வர் ஆடும் ஆட்டம். எதிரெதிரே அமர்ந்திருக்கும் இருவரும் கூட்டாளிகள். 52 சீட்டுகளையும் ஆளுக்கு 13ஆகப் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். ஒருவர் ஒரு சீட்டை இறக்கினால் மற்ற மூவரும் அதே இனத்தில் ஒன்றை இறக்க வேண்டும். அவற்றுள் பெரிய சீட்டைப் போட்டவருக்கு அந்த நான்கும் சேரும். இதற்குப் பெயர் பிடி. ஆக, ஓர் ஆட்டத்தில் 13 பிடிகள். கேட்ட இனம் கையில் இல்லாதவர் வேறு எதை வேண்டுமானாலும் போடலாம். அப்போது அவர் துருப்பு இனத்தில் ஒன்றைப் போட்டால், அது வெறும் 2ஆக இருந்தாலும் எதிராளியின் ஏஸை வெட்டிவிடும். ‘துருப்புச் சீட்டு’ என்ற சொற்றொடரை மேடைப் பேச்சிலும் நாளிதழ்த் தலைப்பிலும் நாம் தாராளமாகப் புழங்குகிறோம். அந்தச் சீட்டு உண்மையில் என்ன செய்யும் என்பதைக் கண்ணால் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று தெரியவில்லை.

இதுவரை சொன்னது எளிது. ஒரு மாலைப்பொழுதில் கற்றுவிடலாம். பிரிட்ஜ் ஆட்டத்தை மற்றச் சீட்டாட்டங்களிலிருந்து பிரிப்பது, முதல் சீட்டு இறங்குவதற்கு முன்னர் நடக்கும் ஏலம்தான்.

எந்த இனம் துருப்பு, எத்தனை பிடி எடுப்போம் என்பதை நால்வரும் ஏலத்தில் கேட்டு முடிவு செய்கிறார்கள். ஏலத்தில் 1 முதல் 7 வரை ஓர் எண்ணைச் சொல்லலாம். அதோடு கிளாவர், டைமண்ட், ஆட்டின், ஸ்பேட், துருப்பின்மை ஆகிய ஐந்தில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். இந்த வரிசையில் பின்னால் வருவது முன்னால் வருவதைவிட உயர்ந்தது. எண்ணோடு 6ஐக் கூட்டினால் எடுக்க வேண்டிய பிடிகள் கிடைக்கும். ‘4 ஸ்பேட்’ என்றால், ஸ்பேட் துருப்பாக இருக்க, 10 பிடிகள் எடுப்போம் என்று பொருள். சொன்னதை எடுத்தால் புள்ளி நமக்கு. எடுக்கத் தவறினால் எதிரணிக்கு. ஏழையும் ஐந்தையும் பெருக்கினால் 35. பாஸ், டபுள், ரீடபுள் என்ற மூன்றும் சேர்ந்தால் 38. ஏலம் நடக்கும்போது உங்கள் வாயிலிருந்து வரக்கூடியவை இந்த 38 மட்டுமே. கண்ணைச் சிமிட்டக்கூடாது. பெருமூச்சு விடக்கூடாது. ஒரு கேள்வியை அழுத்தியும் இன்னொன்றைத் தயங்கியும் சொல்லிக் கூட்டாளிக்குக் குறிப்புக் கொடுப்பது விதிக்குப் புறம்பானது.

இந்த 38ஐ வைத்துக்கொண்டு, உங்கள் 13 சீட்டுகளும் எப்படிப்பட்டவை என்பதை, அவற்றைப் பார்க்க முடியாத ஒருவருக்கு நீங்கள் விளக்க வேண்டும். தமிழ்மொழிக் கழகத்து இதழில் சீட்டாட்டத்தைப் பற்றி எழுத எனக்குத் துணிவு தந்தது இந்த ஒரு செய்திதான்.

முதலில் கையை எடைபோட வேண்டும். ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1. கட்டு முழுவதற்கும் 40 புள்ளிகள். சராசரியாக ஒருவருக்கு 10. என் கூட்டாளி ‘1 ஸ்பேட்’ என்று தொடங்கினால், தம்மிடம் 12 புள்ளிகளுக்குக் குறையாமல் இருக்கிறது, ஸ்பேட் ஐந்தாவது இருக்கிறது என்கிறார். நான் ‘2 ஸ்பேட்’ என்றால், எனக்கும் மூன்று ஸ்பேட் உண்டு, ஆனால் 6 முதல் 9 புள்ளிகள்தாம் என்கிறேன். அவர் கையில் 13 இருந்தால் கூட்டிப் பார்த்துவிட்டுப் பாஸ் சொல்வார். 19 இருந்தால் நேரே ‘4 ஸ்பேட்’ என்பார். நான்கில் என்ன சிறப்பு என்றால், ஆட்டின், ஸ்பேட் இனங்களில் பிடி ஒன்றுக்கு 30 புள்ளிகள். நான்குக்கு 120 ஆகிறது. 100ஐத் தொட்டால் பெரிய ஊக்கப்புள்ளி உண்டு. துருப்பின்மையில் முதல் பிடிக்கு 40, அடுத்தவற்றுக்கு 30 என்பதால் மூன்றே போதும். கிளாவர், டைமண்டுக்கு 20தான். ஐந்து வரை ஏற வேண்டும். இருவர் கையும் சேர்ந்து 25 புள்ளிகள் அளவில் இருந்தால் இந்த 100ஐ நாடலாம் என்பது நூல்கள் தரும் கணக்கு.

சில கேள்விகள் சொன்ன பொருளைத் தருவதே இல்லை. கூட்டாளி ‘1 துருப்பின்மை’ என்று தொடங்கிய பிறகு நான் ‘2 கிளாவர்’ என்றால், கிளாவருக்கும் அதற்கும் தொடர்பே கிடையாது. ‘உங்களிடம் நான்கு ஆட்டின் அல்லது நான்கு ஸ்பேட் உண்டா?’ என்று கேட்கிறேன். நன்னூலில் குழூஉக்குறி என்று படித்திருப்போம். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பார்கள், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பார்கள் என்று ஆசிரியர் எடுத்துக்காட்டுச் சொல்லியிருப்பார். இது அதே வகைதான். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பொற்கொல்லரின் குறி பிறருக்குத் தெரியக்கூடாது. பிரிட்ஜில் எதிராளி “அதற்கு என்ன பொருள்?” என்று கேட்டால் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். கூட்டாளிகளுக்குள் இரகசிய ஒப்பந்தம் கூடாது. மொழி எல்லாருக்கும் பொது, கைச்சீட்டு மட்டும்தான் இரகசியம். விதியைப் படித்த அன்று எனக்கு மிகவும் பிடித்துப்போனது இதுதான்.

இந்த ‘2 கிளாவர்’ கேள்விக்கு ஸ்டேமன் என்று பெயர். சாமுவேல் ஸ்டேமன் 1945இல் இதைப் பற்றி ஓர் இதழில் எழுதினார். உண்மையில் கண்டுபிடித்தவர் அவருடைய கூட்டாளி ஜார்ஜ் ரப்பே. எழுதியவர் பெயர் நின்றுவிட்டது. கட்டுரை கொடுக்கத் தயங்கும் கழக உறுப்பினர்கள் இதைக் கவனிக்கவும்.

இனி நூல்களுக்கு வருவோம். இன்று ஆடப்படும் பிரிட்ஜின் புள்ளி முறையை வகுத்தவர் ஹரல்டு வாண்டர்பில்ட் என்ற அமெரிக்கச் செல்வந்தர். 1925இல் ஒரு கப்பல் பயணத்தின்போது நண்பர்களோடு அதை ஆடிப் பார்த்தார். 1930இல் ஈலை கல்பர்ட்சன் எழுதிய ‘நீல நூல்’ ஆட்டத்தை வீடுதோறும் கொண்டுபோனது. மேலே சொன்ன 4-3-2-1 கணக்கை, 1949இல் வந்த தம் நூலின் வழி சார்லஸ் கோரன் எல்லாருக்கும் பழக்கினார். பழைய புத்தகக் கடையில் எனக்குக் கிடைத்ததும் கோரனின் நூல்தான். அதற்குப் பிறகு நூலகத்தில் ஓர் இங்கிலாந்து நூலை எடுத்தேன். கோரனின் நூலில் ‘1 துருப்பின்மை’ என்றால் 16 முதல் 18 புள்ளிகள். இங்கிலாந்தின் ஏக்கல் முறையில் 12 முதல் 14. இன்றைய அமெரிக்க நூல்களில் 15 முதல் 17. கோரனும் ஏக்கலும் நான்கு ஸ்பேட் இருந்தாலே ‘1 ஸ்பேட்’ சொல்ல விடுகிறார்கள். இன்றைய அமெரிக்க முறைக்கு ஐந்து வேண்டும். நான் மேலே கொடுத்த எடுத்துக்காட்டும் அந்த முறையில்தான்.

ஒரு மொழிக்கு வட்டார வழக்குகள் இருப்பதைப் போலத்தான் இதுவும். எல்லாமே சரி. ஆனால் கூட்டாளிகள் இருவரும் ஒரே வழக்கில் பேச வேண்டும். ஆகையால் தொடக்கத்தில் ஒரு நூல் மட்டும் போதும், அதுவும் உங்கள் கூட்டாளி படிக்கும் அதே நூலாக இருக்கட்டும். ஏலத்துக்குப் புதிய நூல் நல்லது. பழையவற்றில் வழக்கொழிந்தவை அதிகம். சீட்டு இறக்கும் கலைக்கோ பழைய நூல்கள் இன்றும் பொருந்துகின்றன. லூயிஸ் வாட்சன் 1934இல் எழுதியதை இன்னமும் பரிந்துரைக்கிறார்கள்.

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி என்று வந்த என் போன்றவர்களுக்கு இந்நூல்களின் ஆங்கிலம் வேறொரு தடை. சொற்கள் புரியும், வாக்கியமும் புரியும், என்ன செய்யச் சொல்கிறார்கள் என்பது மட்டும் புரியாது. நான் கண்ட வழி, ஒரு கட்டுச் சீட்டை விடுதிக் கட்டிலில் விரித்து, நூலில் உள்ளபடி நான்கு கைகளையும் அடுக்கிக்கொண்டு, ஒவ்வொரு பிடியையும் கையால் எடுத்து வைப்பது. விடைப் பகுதியை ஒரு தாளால் மூடிவிட வேண்டும். ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஆகட்டும்.

எடுத்துக்காட்டாக ஒன்றைப் பார்ப்போம். நீங்கள் ‘3 துருப்பின்மை’ எடுத்திருக்கிறீர்கள்; 9 பிடி வேண்டும். உங்கள் கையிலும் எதிரே உள்ள கையிலும் சேர்த்து ஸ்பேடில் ஏஸ், ராஜா. ஆட்டினில் ஏஸ், ராஜா. கிளாவரில் ஏஸ், ராஜா. ஆறு பிடி உறுதி. டைமண்டில் உங்களிடம் ராஜாவும் 7ம். எதிரே ராணி, ஜாக்கி, 10, 9, 5. டைமண்ட் ஏஸ் எதிரணியிடம் இருக்கிறது. எதிராளி ஸ்பேடில் தொடங்குகிறார், நீங்கள் ஏஸால் எடுக்கிறீர்கள். இப்போது புதியவர் கை தானாகவே மற்ற ஏஸ்களை நோக்கிப் போகும். உறுதியானதை முதலில் எடுத்துவிடுவோமே என்ற எண்ணம். எடுத்தால் ஆறோடு நிற்கும். பிறகு டைமண்ட் ஏஸைப் பெற்ற எதிராளி, தடுக்க ஆளில்லாமல் தம் ஸ்பேட் வரிசையை ஒவ்வொன்றாக இறக்குவார். நூல் சொல்வது இதற்கு நேர்மாறு. பலமாக இருக்கும்போதே தோற்க வேண்டியதைத் தோற்றுவிடு. உடனே டைமண்ட் ராஜாவைப் போட வேண்டும். ஏஸ் வந்தால் வரட்டும். அவர் மீண்டும் ஸ்பேட் ஆடினால் நம் ராஜா தடுக்கும். பிறகு டைமண்டில் நான்கு பிடி. ஆறும் நான்கும் பத்து. ராணியை விட்டுவிட்டு ராஜாவை ஏன் முதலில் போட வேண்டும் என்றால், சீட்டுக் குறைந்த கையில் உள்ள பெரியதை முதலில் கழிக்காவிட்டால் அதுவே பிறகு வழியை அடைத்துக்கொள்ளும்.

‘எதிரே உள்ள கை’ என்றேன். ஏலம் எடுத்தவரின் கூட்டாளி, எதிராளியின் முதல் சீட்டு இறங்கியவுடன் தம் 13ஐயும் மேசைமேல் விரித்து வைத்துவிடுவார். அந்தக் கை டம்மி. இரண்டு கைகளையும் ஏலம் எடுத்தவரே ஆடுவார்.

டம்மியைப் பற்றி என் தாத்தாவுக்கு என்னைவிட அறுபது ஆண்டுகள் முன்னரே தெரியும். 1960களின் தொடக்கத்தில் அவர் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தவர். மாலையில் துரைமார் கிளப்பில் தண்ணீரும் தட்டும் கொண்டுபோய் வைக்கும் வேலை. “நாலு பேரு உக்காருவாங்கய்யா. ஏதோ நம்பர் சொல்லிக்குவாங்க. அப்புறம் ஒருத்தரு மட்டும் சீட்ட விரிச்சு வச்சிட்டு எந்திரிச்சு வந்துருவாரு. பாவம், தோத்துட்டாரு போலன்னு நெனைச்சுக்குவேன்” என்றார். டம்மி என்றால் என்ன என்று விளக்கினேன். “அப்ப அந்த ஆளு தோக்கவே இல்லையா?” என்று கேட்டுவிட்டு வெகுநேரம் சிரித்தார்.

மலாயாவின் அந்த கிளப்புகளைப் பற்றி சாமர்செட் மாம் கதைகள் எழுதியிருக்கிறார். அவரே பிரிட்ஜ் பித்தர். 1933இல் வந்த ‘ஆ கிங்’ தொகுப்பில், ஒரு கொலையின் கதை கிளப்பின் பிரிட்ஜ் மேசையிலிருந்துதான் தொடங்குகிறது. அந்த மேசைகளைத் துடைத்தவர்கள் கதைக்குள் வருவதில்லை. தாத்தா பல ஆண்டுகள் ஒரு மேசையருகே நின்றிருக்கிறார். அங்கே நடப்பது என்ன என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்டிருக்க முடியாது. மிகக் கடினமான ஆட்டம் என்பதால் அல்ல. ஏழைத் தமிழனுக்கு அது எதற்கு என்று இரு பக்கமும் நினைத்ததால்தான். ஆட்டத்தின் விதிகளைத் தமிழில் சொன்னபோது, எழுபத்தொன்பது வயதில் அரை மணி நேரத்தில் அவருக்குப் புரிந்தது.

அம்மாவின் கேள்விக்குத் திரும்பினால், போட்டிகளில் ஆடும் முறையைச் சொல்ல வேண்டும். அங்கே ஆடி முடித்த சீட்டுகளைக் கலைப்பதில்லை. நால்வர் கையும் தனித்தனியாக ஒரு பலகையில் செருகப்பட்டு அடுத்த மேசைக்குப் போகும். அதே கைகளை அங்கே வேறு நால்வர் ஆடுவார்கள். உங்கள் 13 சீட்டுகளை வைத்து மற்றவர் என்ன எடுத்தார்கள், நீங்கள் என்ன எடுத்தீர்கள் என்பதுதான் ஒப்பிடப்படும். நல்ல சீட்டு வரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. மோசமான கையில் குறைவாகத் தோற்றவரும் வெற்றி பெறலாம். சூதாட்டத்துக்கு உயிரான அதிர்ஷ்டத்தில் பெரும்பகுதியை இந்தப் பலகை பிடுங்கிவிடுகிறது. 2018இல் ஜக்கார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜ் இடம்பெற்றது. ஆடவர் குழுவில் சிங்கப்பூர் தங்கம் வென்றது. ஆடவர் இணையில் தங்கம் வென்ற இந்தியர்களில் பிரணாப் பர்தனுக்கு வயது 60. இந்தோனேசியாவுக்காக வெண்கலம் பெற்ற ஒருவருக்கு 78.

எங்கள் விடுதியில் இப்போது நால்வர் ஆடுகிறோம். பிடி, துருப்பு, ஏலம் என்று தமிழில் ஏற்கெனவே இருந்த சொற்கள் அப்படியே பொருந்தின. டம்மியை மாற்ற ஒரு தம்பி ‘ஊமைக்கை’ என்றார். நன்றாக இருக்கிறது, ஆனால் ஆட்டத்தின் சூட்டில் எல்லார் வாயிலும் டம்மிதான் வருகிறது.

தொடங்க விரும்புபவர்கள் ஏலத்தை முதல் இரண்டு வாரங்களுக்கு ஒதுக்கி வைக்கலாம். சீட்டைப் பிரித்ததும் நால்வரும் தத்தம் புள்ளிகளை உரக்கச் சொல்லுங்கள். கூட்டினால் 40 வர வேண்டும். அதிகம் வைத்திருக்கும் இணையில், அதிகம் வைத்திருப்பவர் ஆட்டத்தை எடுக்கட்டும். கூட்டாளி கையை விரித்துக் காட்டியதும், இரண்டையும் பார்த்து எது துருப்பு, எத்தனை பிடி என்று அவரே அறிவிக்கட்டும். இதற்கு மினி பிரிட்ஜ் என்று பெயர். பிடிகளை எண்ணவும் திட்டமிடவும் கை பழகிய பிறகு 38 சொற்களைத் தொடலாம். அதற்குள் நான்காவது ஆளைத் தேடிப் பிடித்து வையுங்கள், அதுதான் எல்லாவற்றிலும் சிரமமான வேலை.