புளிக்காத எலுமிச்சை

"தோம் யாம் சூப் வைக்க எலுமிச்சைப் புல் கிடைக்கவில்லை. அதற்குப் பதில் இன்னும் ஒரு எலுமிச்சம்பழம் பிழிந்தால் போதாதா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். போதாது. அந்தப் புல்லில் புளிப்பே கிடையாது.

எலுமிச்சை என்றதும் மூக்கில் ஏறுகிறதே ஒரு வாசம், அதைத் தருவது சிட்ரால். பழத்தோலின் எண்ணெயில் அது நூற்றுக்குச் சில பங்குதான். அங்கே லிமோனீனே அதிகம். புல்லின் எண்ணெயிலோ முக்கால் பங்குவரை சிட்ரால். எலுமிச்சையைவிட எலுமிச்சையாக மணக்கிறது ஒரு புல்! தேனீக்களுக்கும் இது பழகிய வாசம். தம் கூட்டத்தாரை வீட்டுக்கு அழைக்க அவை வெளிவிடும் மணத்தில் சிட்ரால் உண்டு. காலிப் பெட்டியில் இந்த எண்ணெயைத் தடவிவைத்து, பிரிந்து வரும் தேனீக்கூட்டத்தைக் குடியேற்றுபவர்கள் இருக்கிறார்கள்.

தோம் யாமில் தாய்லாந்துக்காரர்கள் மணத்துக்கு ஒன்று, புளிப்புக்கு ஒன்று என்று பிரித்துவைத்திருக்கிறார்கள். தண்டை நசுக்கி முதலிலேயே கொதிநீரில் போட்டுவிடுவார்கள். நார்களுக்குள் அடைபட்ட எண்ணெய் நிதானமாகத்தான் வெளிவரும். பழச்சாறு அடுப்பை அணைத்த பிறகு. கொதித்தால் அதன் வாசம் போய்விடும். தண்டை யாரும் மெல்வதில்லை. என் வீட்டில் கறிவேப்பிலைக்கு நேர்வதுபோல் கிண்ணத்தின் ஓரத்தில் ஒதுங்கும். இறால் போட்ட தோம் யாம் 2024இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் ஏறியது.

கம்போடியாவில் தண்டையே தின்பார்கள். அடியிலுள்ள வெள்ளைக் குருத்தை மெல்லிசாக அரிந்து, பேரரத்தை, மஞ்சள், பூண்டோடு உரலில் இடித்தால் 'க்ரோயங்' என்னும் விழுது. பாலித் தீவிலோ மீன் விழுதைத் தண்டில் பிடித்துத் தணலில் வாட்டுகிறார்கள்.

நாம் என்ன செய்கிறோம்? இந்தப் புல்லின் எண்ணெயைத் தரை துடைக்கும் திரவத்தில் ஊற்றுகிறோம், சோப்பில் சேர்க்கிறோம். சமையலுக்கென்றால் காய்ந்த இலைத் துணுக்குகளைப் பாக்கெட்டில் விலை கொடுத்து வாங்குகிறோம். வாசம் பாதி போன சரக்கு அது.

இத்தனைக்கும் வளர்ப்பது சுலபம். சமையலுக்கு ஆகும் வகை அரிதாகத்தான் பூக்கும், விதைக்குக் காத்திருக்க முடியாது. தூரைப் பிரித்து நடுவதுதான் வழி. அடிக்கட்டை சிதையாத தண்டு ஒன்று கிடைத்தால் தண்ணீரில் நிறுத்துங்கள், வேர் விடும். பிறகு வெயில் படும் தொட்டிக்கு மாற்றுங்கள். இலையோரம் கையைக் கீறும், கவனம். நர்சரியில் வாங்கினால் அடித்தண்டைப் பாருங்கள். சிவந்திருந்தால் அது பெரும்பாலும் சிட்ரொனெல்லா. கொசு விரட்ட வைத்துக்கொள்ளலாம், சூப்புக்கு வேண்டாம்.