உங்களுக்குத் தெரியுமா? முதல்வரே எதிர்த்து உண்ணாவிரதம் இருந்த பூச்சிமருந்து!

2011 ஏப்ரல் 25. திருவனந்தபுரம், பாளையம் ரத்தசாட்சி மண்டபம். அன்றைய கேரள முதல்வர் வி.எஸ்.அச்சுதானந்தன் அங்கே உண்ணாவிரதம் இருந்தார். எண்டோசல்ஃபான் என்ற பூச்சிமருந்தைத் தடை செய்ய வேண்டும் என்பது கோரிக்கை.

கதை தொடங்கியது கேரளத்தின் வடகோடியில். காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில், ‘தேயிலைக் கொசு’ என்ற பூச்சியை ஒழிக்க, 20 ஆண்டுகளுக்கும் மேலாக ஹெலிகாப்டரிலிருந்து இந்த மருந்தைத் தெளித்தார்கள். கொசுவுக்கு வைத்த குறிதான். ஆனால் காற்றுக்கு வேலி ஏது? சரிவில் இருந்த ஊர்களின் கிணறுகளும் ஓடைகளும் தோட்டங்களுக்குக் கீழேதான் இருந்தன.

எண்டோசல்ஃபான் நரம்பு நஞ்சு. மூளையின் பரபரப்பை அடக்கும் ‘காபா’ என்ற வேதிப்பொருளின் வேலையை அது தடுத்துவிடும். அதனால்தான் நஞ்சேறியவர்களுக்கு வலிப்பு வருகிறது. ஹார்மோன்களையும் விடுவதில்லை. அகமதாபாத் தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனத்தினர், தோட்டத்து அடிவாரக் கிராமம் ஒன்றின் பள்ளிச் சிறுவர்கள் 117 பேரை, மருந்து படாத ஊர்ச் சிறுவர்கள் 90 பேருடன் ஒப்பிட்டார்கள். 2003இல் வெளியான முடிவு: அடிவாரச் சிறுவர்களின் ரத்தத்தில் சராசரியாக 5 மடங்குக்கு மேல் எண்டோசல்ஃபான், பருவமடைவதிலும் தாமதம்.

2011 மே 13இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்கத் தடை விதித்தது. பாதிக்கப்பட்டோருக்குத் தலா 5 லட்சம் ரூபாய் தரச் சொன்னது 2017இல். ஆனாலும் 2022 அக்டோபரில், அவர்களுக்குச் சிகிச்சை வசதி கேட்டுத் தலைமைச் செயலகத்தின் முன் சமூக சேவகி தயா பாய் பட்டினி கிடந்தார், இரண்டு வாரங்களுக்கும் மேலாக.