பழைய கணினி கைக்கு வந்தாயிற்றா? பிளக்கை இப்போதே செருகாதீர்கள்

பரணிலிருந்து பழைய கணினி ஒன்று இறங்கியிருக்கலாம். வெளிநாட்டு உறவினர் ஊருக்கு வரும்போது ஒரு காமடோர் 64-ஐக் கொண்டுவந்து கொடுத்திருக்கலாம். ஆசைப்பட்டு நீங்களே காசு கொடுத்து வாங்கியும் இருக்கலாம். எப்படி வந்திருந்தாலும் கை முதலில் பிளக்கைத்தான் தேடும். ஓடுகிறதா என்று பார்த்துவிட்டால் நிம்மதி. அதை மட்டும் இன்றைக்குச் செய்ய வேண்டாம். பரணில் முப்பது வருடம் தாக்குப்பிடித்த இயந்திரம், யாரோ ஆசையோடு சுவிட்சைப் போடும் நொடியில் செத்துப்போவது இந்தப் பொழுதுபோக்கில் அடிக்கடி நடக்கிற சங்கதி.

அப்படி என்ன ஆகிவிடும்?

கணினிக்குள் இருக்கும் சில்லுகள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அவற்றுக்கு மின்சாரம் கொண்டுவந்து கொடுக்கும் பகுதிதான் வயதாகிக் கெட்டுப்போகிறது. காமடோர் 64-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். 1982-ல் அமெரிக்காவில் 595 டாலருக்கு விற்பனைக்கு வந்த வீட்டுக் கணினி அது. அதன் அடாப்டர் 5 வோல்ட் நேர்மின்சாரமும் (ஒரே திசையில் ஓடுவது) 9 வோல்ட் மாறுமின்சாரமும் (திசை மாறி மாறி ஓடுவது) தரும். அடாப்டருக்குள் பிசினை ஊற்றி இறுக்கியிருப்பார்கள். சூடு வெளியே போக வழியில்லை, திறந்து பழுது பார்க்கவும் முடியாது. வருடக்கணக்கில் வெந்து வெந்து, 5 வோல்ட்டைக் கட்டுக்குள் வைத்திருக்கும் உறுப்பு ஒருநாள் கைவிடுகிறது. அப்போது மின்னழுத்தம் இறங்குவதில்லை, ஏறுகிறது. 5 வோல்ட்டுக்கென்று செய்த நினைவகச் சில்லுகள் (வேலை நடக்கும்போது தகவலை வைத்துக்கொள்பவை) அதைத் தாங்காது. அடாப்டர் போனால் போகட்டும் என்று விடலாம்; அது போகும்போது கணினியையும் கூட்டிக்கொண்டு போகிறது.

மல்டிமீட்டரில் அளந்தால் 5 வோல்ட் சரியாகக் காட்டுகிறதே, போதாதா?

போதாது. கணினியோடு சேர்க்காமல் தனியாக அளக்கும்போது அடாப்டருக்குச் சுமை இல்லை, சூடும் இல்லை. அரைமணி நேரம் ஓடிச் சூடான பிறகு அதே அடாப்டர் வேறு கணக்குக் காட்டலாம். அளவு 5.2-க்கு மேல் போனால் அதை ஒதுக்க வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் அளவு சரியாக இருந்தாலும், பழைய அடாப்டரை நினைவுப் பொருளாக வைத்துக்கொண்டு, காமடோருக்கென்று இப்போது புதிதாகச் செய்து விற்கும் அடாப்டர் ஒன்றை வாங்கிவிடுங்கள் என்றுதான் சொல்வேன். கணினிக்குக் கொடுத்த விலையோடு இந்தச் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

வீட்டில் கிடக்கும் வேறு அடாப்டரைப் போடலாமா?

முள் பொருந்துகிறது என்பதற்காகப் போட்டுவிடாதீர்கள். சிங்க்ளேர் நிறுவனத்தின் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் இதற்கு நல்ல உதாரணம். 1982 ஏப்ரலில் பிரிட்டனில் வந்தது. 16 கிலோபைட் நினைவகம் கொண்டது 125 பவுண்டு, 48 கிலோபைட் கொண்டது 175 பவுண்டு. இதற்கு 9 வோல்ட் நேர்மின்சாரம் வேண்டும். ஆனால் உருண்டை முள்ளின் நடுப்பகுதி எதிர்முனை, வெளிப்பகுதி நேர்முனை. இன்று நம் வீடுகளில் கிடக்கும் அடாப்டர்களில் பெரும்பாலானவை இதற்கு நேர் தலைகீழ். 9 வோல்ட் என்று எழுதியிருப்பதை மட்டும் பார்த்துச் செருகினால் வேலை முடிந்தது. அடாப்டரின் முதுகில் இரண்டு வளையங்களோடு கூட்டல், கழித்தல் குறி போட்ட சிறு படம் இருக்கும். வோல்ட்டைப் படிக்கும் முன் அந்தப் படத்தைப் படியுங்கள்.

இந்த ஸ்பெக்ட்ரம் இந்தியாவிலும் விற்றது. டெசிபெல்ஸ் எலக்ட்ரானிக்ஸ் என்ற நிறுவனம் உரிமம் பெற்று, 1986 முதல் ‘டிபி ஸ்பெக்ட்ரம் பிளஸ்’ என்ற பெயரில் விற்றது. உங்கள் பரணில் இருப்பது அதுவாக இருந்தாலும் மேலே சொன்ன எச்சரிக்கை அப்படியே பொருந்தும்.

எந்த நாட்டுப் பொருளை வாங்குவது நல்லது?

நமக்கு ஒத்துவருவது பிரிட்டன், ஐரோப்பாப் பொருள்கள். அங்கேயும் 230 வோல்ட், நொடிக்கு 50 சுழற்சி. தொலைக்காட்சி முறையும் பெரும்பாலும் நாம் பயன்படுத்திய ‘பால்’ (வண்ணப் படத்தை அனுப்பும் ஒரு முறை). அமெரிக்கப் பொருள் 120 வோல்ட், ஜப்பானியப் பொருள் 100 வோல்ட். அவற்றை நம் பிளக்கில் நேராகச் செருகினால் புகைதான் வரும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வைத்துச் சமாளிக்கலாம் என்றாலும், அது 50 சுழற்சியை 60 ஆக்காது. அமெரிக்கக் கணினியின் படமும் நம் பழைய டி.வி. சிலவற்றில் வண்ணமில்லாமல் தெரியும். முதல் கணினிக்கு இந்தத் தலைவலி தேவையா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஓடிக்கொண்டிருந்தது, திடீரென்று புகை வந்தது. செத்துவிட்டதா?

அனேகமாக இல்லை. பிரிட்டனின் ஏகார்ன் நிறுவனம் 1981 இறுதியில் கொண்டுவந்த பிபிசி மைக்ரோவில் இது பேர்போன சம்பவம். இந்திய அரசு 1984-ல் பள்ளிகளுக்காகத் தொடங்கிய ‘கிளாஸ்’ கணினிக் கல்வித் திட்டம் இந்தக் கணினியை வைத்துத்தான் நடந்தது. அதனால் அந்தக் காலப் பள்ளி மாணவர் சிலர் முதன்முதலில் தொட்ட கணினி இதுவாக இருக்கும். மொகாலியின் செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் ‘யூனிகார்ன்’ என்ற பெயரில் இங்கேயே தயாரித்தும் கொடுத்தது.

இதன் மின்பகுதியில் ரிஃபா என்ற பெயர் பொறித்த கெபாசிட்டர் (மின்சாரத்தைச் சற்று நேரம் தேக்கிவைக்கும் உறுப்பு) இருக்கும். கண்ணாடிபோல் தெளிவான அதன் மேலோடு வயதாக ஆக விரிசல் விட்டு, காற்றின் ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. மின்சாரம் பாய்ந்ததும் வெடித்து, அறை முழுக்க நாற்றமடிக்கும் புகையைக் கக்கும். பயமாக இருக்குமே தவிர, கணினி பெரும்பாலும் தப்பித்துவிடும். டி.வி. மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்தால் புதியதாக மாற்றித் தந்துவிடுவார். புகை வரும்வரை காத்திருக்காமல் முதலிலேயே மாற்றிவிடுவதுதான் நல்லது.

மெக்கானிக் கடைக்குப் போகும்போது இன்னொன்றையும் கேளுங்கள். அங்கே சுவரில் ‘சீரிஸ் பல்பு’ ஒன்று தொங்கும். மின்சாரம் அந்தக் குண்டு பல்பு வழியாகத்தான் சாதனத்துக்குப் போகும். சாதனத்தில் கோளாறு இருந்தால் பல்பு பிரகாசமாக எரிந்து, பாய்ச்சலைத் தானே தாங்கிக்கொள்ளும். ஒரு முறை மின்னிவிட்டு மங்கினால் நல்ல அறிகுறி. மின்பகுதி உடம்புக்குள்ளேயே இருக்கும் பழைய கணினிகளுக்கும் விளையாட்டுப் பெட்டிகளுக்கும் முதல் சுவிட்ச் இப்படித்தான் போட வேண்டும்.

என்னிடம் இருப்பது சாதாரண 386, 486 கணினி. அதற்கும் இவ்வளவு பாடா?

அதில் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பெட்டியைத் திறந்தால் தாய்ப்பலகையில் (எல்லா உறுப்புகளும் இணையும் பெரிய மின்பலகை) நீலம் அல்லது பச்சை உறை போட்ட உருளை பேட்டரி ஒன்று பற்றவைக்கப்பட்டிருக்கலாம். கணினி அணைந்திருக்கும்போதும் தேதியையும் நேரத்தையும் நினைவில் வைக்க அதுதான் உதவியது. இத்தனை வருடத்தில் அது கசிந்து, பக்கத்துச் செம்புத் தடங்களை அரித்துக்கொண்டிருக்கும். கணினி அணைந்திருந்தாலும் அரிப்பு நிற்காது. எனவே இன்று மாலையே செய்ய வேண்டிய வேலை இது ஒன்றுதான்: திறந்து, அந்தப் பேட்டரியைக் கத்தரித்து எடுங்கள். பச்சை பூத்த இடத்தை வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹால் (ஒரு துப்புரவுத் திரவம்) கொண்டு சுத்தம் செய்து, நன்றாக உலர விடுங்கள். கையுறை போட்டுக்கொள்வது நல்லது. அமிகா 2000 போன்ற கணினிகளிலும் இதே பேட்டரி, இதே கதை.

இந்தக் கணினிகளைக் காப்பாற்ற நமக்கென்று இன்னொரு காரணமும் உண்டு. முத்து நெடுமாறனின் முரசு போன்ற ஆரம்பகாலத் தமிழ் மென்பொருள்களில் தட்டிய கடிதங்களும் கதைகளும் அந்த ஹார்டு டிஸ்க்கில் கிடக்கலாம். அதைக் கழற்றி, யுஎஸ்பி இணைப்பான் வழியாக இன்றைய கணினியில் செருகி முதலில் நகல் எடுங்கள். கோப்பைத் திறந்தால் எழுத்துகள் குப்பையாகத் தெரியும், பதற வேண்டாம். பாமினி, டிஸ்கி, டாப் என்று அன்று ஆளுக்கொரு குறியீட்டில் தமிழைத் தட்டினார்கள். அவற்றை யூனிகோடுக்கு (இன்று எல்லாக் கருவிகளும் ஏற்கும் பொது எழுத்துக் குறியீடு) மாற்றித்தரும் நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. பிளாப்பிகள் இருந்தால் வட்டின் மேல் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். பூஞ்சை பிடித்ததை டிரைவில் போட்டால் அந்த வட்டிலும் கீறல் விழும், படிக்கும் முனை அழுக்காகி அடுத்துப் போடும் வட்டிலும் கீறல் விழும்.

எல்லாம் சரி, எதில் பார்ப்பது, எப்படி விளையாடுவது?

மஞ்சள் துளை வைத்த பழைய குண்டு டி.வி.யை யாராவது தூக்கிப்போடுவதாகச் சொன்னால் ஓடிப்போய் வாங்கிக்கொள்ளுங்கள். காமடோரை அதற்கான கம்பியோடு நேராக அதில் சேர்க்கலாம். ஸ்பெக்ட்ரம் ஆண்டெனா வழியாகப் படம் அனுப்பும் வகை. படத்தை ஆண்டெனாவுக்கு ஏற்ப மாற்றும் அதன் தகரப் பெட்டியைத் தாண்டி மஞ்சள் துளைக்குக் கம்பி இழுப்பது மெக்கானிக்குக் கொஞ்ச நேர வேலை.

அன்றைக்கு விளையாட்டுகள் கீச்சொலியாகக் கேசட்டில் பதிவாகி வந்தன. இன்று கேசட்டும் வேண்டாம், டேப் ரெக்கார்டரும் வேண்டாம். அந்தக் கீச்சொலி இன்று ஒலிக்கோப்பாகக் கிடைக்கிறது. கைபேசியின் ஹெட்போன் துளையிலிருந்து ஸ்பெக்ட்ரமின் ‘இயர்’ துளைக்கு ஒரு கம்பி போட்டு, ஒலியை முழுக்கக் கூட்டி ஓட விடுங்கள். 48 கிலோபைட் விளையாட்டு ஏற ஐந்து நிமிடம்போல் ஆகும். கைபேசியை விமானப் பயண நிலையில் வைக்க மறக்காதீர்கள். நடுவில் ஒரு வாட்ஸ்அப் மணி அடித்தால் மறுபடி முதலிலிருந்து. பொறுமை இல்லாதவர்களுக்கு மெமரி கார்டில் போட்டு நொடியில் ஏற்றும் இணைப்புகளும் உண்டு. எனக்கென்னவோ அந்த ஐந்து நிமிடக் கீச்சொலி இல்லாவிட்டால் ஸ்பெக்ட்ரம் வைத்திருப்பதில் பாதி சுவை போய்விடுகிறது.

வீடியோ கேம் கடையில் நின்று ஆடினோமே, அந்தப் பெட்டியை வீட்டில் வைக்க முடியுமா?

முடியும், ஆனால் முழுப் பெட்டி நூறு கிலோவைத் தாண்டும். மாடிவீடு என்றால் படிக்கட்டை முதலில் அளந்துகொள்ளுங்கள். பெட்டிக்குள் இருக்கும் பிக்சர் டியூப்பில் இருபதாயிரம் வோல்ட்வரை இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உள்ளே தங்கியிருக்கலாம். நீங்களாகப் பின்கதவைத் திறந்து கை வைக்க வேண்டாம். டியூப் டி.வி. பார்த்துப் பழகிய மெக்கானிக் மட்டுமே தொட வேண்டிய இடம் அது.

என் யோசனை: பெட்டியை விடுங்கள், பலகையை வாங்குங்கள். நம் ஊரில் ‘முஸ்தபா கேம்’ என்று கொண்டாடியது, கேப்காம் 1993-ல் வெளியிட்ட ‘காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்’. முஸ்தபா அதில் வரும் பாத்திரங்களில் ஒருவர். அந்த விளையாட்டு முழுவதும் இரண்டு கையால் தூக்கக்கூடிய மின்பலகைக்குள் இருக்கிறது. 1985-ல் வந்த ‘ஜாமா’ (பலகையின் விளிம்பில் 56 முனைகளை எது எங்கே என்று வரையறுத்த பொது ஒழுங்கு) என்ற முறையால் ஒரே பெட்டியில் பலகையை மட்டும் மாற்றி மாற்றிப் போட முடிந்தது. ஜாமாவுக்கென்று விற்கும் சிறு இணைப்புப் பெட்டி ஒன்றை வாங்கினால் பலகையை மேசைமேல் வைத்தே டி.வி.யில் ஆடலாம். செருகும்போது மேல்பக்கம் எது, கீழ்ப்பக்கம் எது என்று இரண்டு முறை பாருங்கள். தலைகீழாகச் செருகினால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்துக்கு வேறெதுவோ போகும்.

அசல் கேப்காம் பலகையானால் உள்ளே பேட்டரி இருக்கிறதா என்றும் விற்பவரிடம் கேளுங்கள். நகலெடுப்பதைத் தடுக்க, நிரலைப் பூட்டிவைத்து அதன் சாவியைப் பேட்டரியின் தயவில் வைத்திருந்தார்கள். குறிப்பாக சிபிஎஸ்-2 வகைப் பலகைகளில் பேட்டரி தீர்ந்தால் விளையாட்டே நின்றுவிடும். ஆர்வலர்கள் அந்தச் சாவியை மறுபடி எழுதும் வழியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்பதால், செத்த பலகை மலிவாக வந்தாலும் பயந்து விட்டுவிட வேண்டியதில்லை.

விளையாட்டு மட்டும் போதும், இயந்திரம் வேண்டாம் என்றால்?

எமுலேட்டர் (பழைய இயந்திரம்போல் நடந்துகொள்ளும் நிரல்) போதும். கடைப்பெட்டி விளையாட்டுகளுக்கு 1997-ல் தொடங்கிய ‘மேம்’, காமடோருக்கு ‘வைஸ்’, ஸ்பெக்ட்ரமுக்கு ‘ஃபியூஸ்’, எல்லாம் இலவசம். எமுலேட்டர் சட்டப்படி சரியானதே. விளையாட்டுக் கோப்புகள் அப்படியல்ல. பழசாகிவிட்டது என்பதற்காக விளையாட்டின் உரிமை போய்விடாது. ஸ்பெக்ட்ரமின் அடிப்படை நிரலுக்கு மட்டும், 1986-ல் சிங்க்ளேர் கணினிகளை வாங்கிய ஆம்ஸ்ட்ராட், எமுலேட்டர்களோடு சேர்த்துத் தர வெளிப்படையாக அனுமதி கொடுத்திருக்கிறது.

மஞ்சளாகிப்போன மேலோட்டை வெளுக்க வைக்கலாமா?

ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெயிலில் வைத்தால் வெளுக்கும். திட்டுத்திட்டாகவும் வெளுக்கும், சில வருடத்தில் மஞ்சள் திரும்பியும் வரும். விட்டுவிடுங்கள்.

கடைசிவரை ஓடவில்லை என்றால் காயலான் கடைக்குப் போட்டுவிடலாமா?

வேண்டாம். காமடோர் 64-ன் ஒலிச் சில்லான ‘சிட்’டை இப்போது யாரும் தயாரிப்பதில்லை, போலிகள்தான் சுற்றுகின்றன. செத்த கணினிக்குள் உயிரோடு இருக்கும் ஒரு சில்லுக்காகவே அதை வாங்க ஆள் இருக்கிறார். ‘ஓடாதது, உதிரிக்கு’ என்று உண்மையைச் சொல்லி விற்றுவிடுங்கள்.