‘ரூம்’ என்னும் சொல்லின் பொருளும் வழக்கும்

ஒரு மொழியைக் கற்கும்பொழுது, சொல்லுக்கு ஒரு பொருளை மட்டும் மனனம் செய்து அமைதல் போதாது. இடத்திற்கேற்பப் பொருள் வேறுபடுதலையும் அறிதல் வேண்டும். இதனை எமக்கு நன்குணர்த்திய நிகழ்ச்சி ஒன்றுண்டு.

சில ஆண்டுகளுக்கு முன்னர், பால்மரம் வெட்டும் தந்தையொருவர், வேலை முடிந்த கையோடு தம் மகனின் தேர்ச்சி அறிக்கையை ஏந்தி எம் பள்ளி அலுவலகத்திற்கு வந்தார். அதில் ஆங்கில ஆசிரியர், ‘தேர் இஸ் ரூம் ஃபார் இம்ப்ரூவ்மென்ட்’ என்று குறித்திருந்தார். ‘ரூம்’ என்றால் அறை என்று மட்டுமே அறிந்திருந்த மகன், “முன்னேறுவதற்கு ஓர் அறை இருக்கிறதாம்” என்று தந்தைக்குப் பொருள் கூறிவிட்டான். “ஐயா, மற்றப் பிள்ளைகளோடு உட்காரக்கூட என் பையனுக்குத் தகுதியில்லையா?” என்று கேட்டபொழுது அவர் கண்கள் கலங்கியிருந்தன.

மாணவச் செல்வங்களே! ‘ரூம்’ என்னும் சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. ஒன்று, சுவர் சூழ்ந்த அறை. மற்றொன்று, ஒருவரோ ஒரு பொருளோ அடங்கத்தக்க இடம். பழைய ஆங்கிலத்தில் இச்சொல் இடத்தையே குறித்தது. அறை என்னும் பொருள் பிற்காலத்தில் தோன்றியதாகும்.

இவற்றைப் பிரித்தறியும் வழி எளிது. அறைகளை எண்ணலாம். ஆதலின் ஒருமையில் ‘எ ரூம்’ என்றும் பன்மையில் ‘ரூம்ஸ்’ என்றும் வரும். இடம் என்னும் பொருளிலோ ‘எ’ வாராது; பன்மையும் இல்லை. ‘தேர் இஸ் எ ரூம் அப்ஸ்டேர்ஸ்’ என்றால் மாடியில் ஓர் அறை உள்ளது எனப் பொருள்படும். ‘தேர் இஸ் ரூம் அப்ஸ்டேர்ஸ்’ என்றால் மாடியில் இடமிருக்கிறது என்பதாகும். ‘எ’ என்னும் ஓரெழுத்து நீங்கப் பொருளே மாறுதல் காண்க.

பேருந்தில் இடமில்லை என்பதை நம் மாணவர் சிலர் ‘நோ பிளேஸ்’ என்று எழுதுவர். ‘தேர் இஸ் நோ ரூம் இன் தி பஸ்’ என்பதே நல்ல வழக்கு. பிறர் அமரும்படி நகர்ந்து இடம் விடுதலை ‘மேக் ரூம்’ என்பர். தேர்வுத்தாளில் பெயர் எழுத விடப்பட்டுள்ள வெற்றிடமோ ‘ஸ்பேஸ்’ எனப்படும்.

மலாய்மொழியில் இக்குழப்பம் இல்லை. அறைக்குப் ‘பிலிக்’ என்றும் இடத்திற்கு ‘ருவாங்’ என்றும் தனித்தனிச் சொற்கள் உள்ளன. நம் தமிழிலோ ‘அறை’ என்னும் சொல்லே இருபொருள் தருவது. ஆசிரியரிடம் சென்று, “ஐயா, ஓர் அறை கொடுங்கள்” என்று கேட்கும் மாணவன் எதைப் பெறுவான் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்!

அன்று அத்தந்தையிடம், “உங்கள் மகன் இன்னும் முன்னேற இடமுண்டு என்பதே இதன் பொருள். அவனால் இயலும் என்று நம்பியே ஆசிரியர் இவ்வாறு எழுதியுள்ளார்” என்று விளக்கினோம். அவர் முகம் மலர்ந்தது. எனினும், பெற்றோர் அறியாத மொழியில் எழுதி அவர் உள்ளத்தை வருத்திய பிழை எம்முடையதே. அன்றுமுதல் ஆங்கிலக் குறிப்பின்கீழ்த் தமிழ் விளக்கமும் எழுதி வருகின்றோம். முன்னேற இடமுண்டு என்பது மாணவர்க்கு மட்டுமன்று, ஆசிரியராகிய எமக்கும் பொருந்துமன்றோ!